கடைசி ஆள், கடைசித் தோட்டா: நாகா மலையில் இரண்டு காவல் நிலைகள், 1944



கோஹிமாவை நாகாலாந்தின் தலைநகர் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். இரண்டாம் உலகப் போரில் அங்கே பெரிய சண்டை நடந்தது என்பதும் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். 2013இல் லண்டனில் உள்ள தேசிய ராணுவ அருங்காட்சியகம், பிரிட்டன் நடத்திய போர்களிலேயே பெரியது எது என்று ஒரு தேர்வு வைத்தது. வாட்டர்லூவையும் நார்மண்டியையும் தாண்டி, இம்பாலும் கோஹிமாவும் சேர்ந்து முதலிடம் பெற்றன.

ஜெஸ்ஸாமி, காரசோம் என்ற ஊர்ப் பெயர்களைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? பெரும்பாலும் இருக்காது. இரண்டும் கோஹிமாவுக்குக் கிழக்கே உள்ள மலைக் கிராமங்கள். இன்றைய வரைபடத்தில் மணிப்பூரின் உக்ருல் பகுதியில், நாகாலாந்து எல்லையை ஒட்டித் தேட வேண்டும். கோஹிமாவில் பெரிய சண்டை தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பு, இந்த இரண்டு ஊர்களிலும் ஒரு சின்னப் படை தன்னந்தனியாக நின்று சண்டை போட்டது. அந்தச் சில நாட்களின் கதையும், அந்தப் படைக்குக் கொடுக்கப்பட்டிருந்த ஓர் உத்தரவின் கதையும்தான் இந்தக் காலாண்டின் வரலாற்றுப் பக்கம்.

அந்த மலைகளில் எதற்காகச் சண்டை?

முதலில் நிலைமையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. சில மாதங்களில் பர்மா முழுவதும் அவர்களிடம் போயிற்று. அங்கே குடியேறியிருந்த லட்சக்கணக்கான இந்தியர்கள் ஊரை விட்டு ஓடிவந்தார்கள். அவர்களில் தமிழர்கள் ஏராளம். கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் காட்டு வழியே நடந்தார்கள். தமு, இம்பால், கோஹிமா என்று மலையேறி, திமாப்பூர் ரயில் நிலையத்தைப் பிடித்தவர்கள் பிழைத்தார்கள். பசியிலும் மலேரியாவிலும் வயிற்றுப்போக்கிலும் பாதி வழியிலேயே விழுந்தவர்கள் பல்லாயிரம் பேர்.

இரண்டு வருடம் கழித்து அதே மலைகளை நோக்கி ஜப்பானிய ராணுவம் வந்தது. ஜப்பானின் 15ஆவது ராணுவத்துக்குத் தளபதி முத்தாகுச்சி. இம்பாலைப் பிடிப்பது அவருடைய திட்டம். இம்பாலுக்குச் சாமான்கள் போவது ஒரே ஒரு சாலை வழியாகத்தான்: திமாப்பூர் ரயில் நிலையத்திலிருந்து கோஹிமா, அங்கிருந்து இம்பால். கோஹிமாவைப் பிடித்தால் இம்பாலுக்குப் போகும் குழாயையே அடைத்த மாதிரி. மேலே தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தாலும் வால்வை மூடிவிட்டால் நம் வீட்டுக் குழாயில் என்ன வரும்? அந்தக் கணக்குதான்.

கோஹிமாவைத் தாண்டினால் திமாப்பூர். அங்கே பிரிட்டிஷ் ராணுவத்தின் சாமான் கிடங்குகள் ஏறத்தாழ 18 கிலோமீட்டர் நீளத்துக்குப் பரவிக் கிடந்தன. அரிசி, பெட்ரோல், தோட்டா, மருந்து எல்லாம் அங்கேதான். அது போயிருந்தால் பர்மா போர்முனைக்கே சாமான் நின்றிருக்கும்.

கோஹிமாவைப் பிடிக்கும் பொறுப்பு ஜப்பானின் 31ஆவது டிவிஷனுக்குக் கொடுக்கப்பட்டது. அதன் தளபதி லெப்டினன்ட் ஜெனரல் சாட்டோ. 1944 மார்ச் 15ஆம் தேதி அவருடைய படை சிண்ட்வின் ஆற்றைக் கடக்கத் தொடங்கியது. கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர் அகலத்துக்குப் பரவி, ஒற்றையடிப் பாதைகளில் மலையேறியது. லாரி போகும் சாலை கிடையாது. சுமை தூக்கக் கோவேறு கழுதைகளும் மாடுகளும் யானைகளும்தான். மாடுகள் சுமையும் தூக்கும், தேவைப்பட்டால் உணவாகவும் ஆகும் என்பது முத்தாகுச்சியின் யோசனை. மாடுகளோ மலைப்பாதையில் கூட்டம் கூட்டமாகச் செத்து விழுந்தன.

இங்கே ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் படை தன்னுடன் எடுத்து வந்த உணவு சுமார் மூன்று வாரத்துக்குத்தான். மீதியை எதிரியின் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்பது திட்டம். ஆக, வழியில் வீணாகும் ஒவ்வொரு நாளும் ஜப்பானியச் சிப்பாயின் தட்டிலிருந்து ஒரு வேளைச் சோறு குறைந்த மாதிரி.

மூன்று வயது கூட ஆகாத படை

ஜெஸ்ஸாமியிலும் காரசோமிலும் நின்றது அஸ்ஸாம் ரெஜிமென்டின் முதல் பட்டாலியன். அந்த ரெஜிமென்ட் 1941 ஜூன் 15ஆம் தேதி ஷில்லாங்கில் தொடங்கப்பட்டது. வடகிழக்கு மக்களுக்கென்றே அமைத்த படை. நாகர், மிசோ, குக்கி, காசி, காரோ, கர்பி, அஹோம், கச்சாரி என்று பல இனத்து இளைஞர்கள் அதில் சேர்ந்தார்கள். அந்த மலைகளில் குடியேறியிருந்த கூர்க்காக்களும் இருந்தார்கள். ஒருவர் பேசுவது இன்னொருவருக்குப் புரியாது. அதிகாரிகளில் பலர் பிரிட்டனிலிருந்து வந்தவர்கள். இவர்கள் அதுவரை ஒரு பெரிய சண்டையையும் பார்த்ததில்லை. இதுதான் முதல்.

பட்டாலியனின் தலைவர் லெப்டினன்ட் கர்னல் பிரவுன். ‘புரூனோ’ என்பது அவருடைய செல்லப் பெயர். அவர் பெரும்பகுதிப் படையோடு ஜெஸ்ஸாமியில் இருந்தார். காரசோமில் ஒரு கம்பெனி மட்டும், அதாவது நூற்றுச் சொச்சம் பேர். அவர்களுக்குத் தலைவர் கேப்டன் ஜான் யங் என்ற இளம் ஸ்காட்லாந்துக்காரர்.

ஏன் இந்த ஊர்கள் என்று கேட்கலாம். சிண்ட்வின் பக்கத்திலிருந்து கோஹிமாவுக்கு வரும் மலைப்பாதைகள் இந்த ஊர்கள் வழியாகத்தான் வருகின்றன. காடு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் ஆயிரக்கணக்கான ஆட்களும் மிருகங்களும் பீரங்கிகளும் புதருக்குள் புகுந்து போக முடியாது. பாதையைத்தான் பிடிக்க வேண்டும். பாதையில் ஒருவன் உட்கார்ந்திருந்தால், ஒன்று அவனை அகற்ற வேண்டும், அல்லது சுற்றிப் போக வேண்டும். எப்படிச் செய்தாலும் நாள் ஆகும். காட்டுக் காவல் நிலையின் வேலையே அதுதான். வருகிறவனைத் தோற்கடிக்க அதனால் முடியாது. அவனுடைய நாட்களைத்தான் அது தின்னும்.

பிரவுனின் ஆட்கள் பதுங்குகுழிகள் வெட்டி, மேலே மரக்கட்டைகளை அடுக்கி, சுற்றிலும் முள்வேலி போட்டு, துப்பாக்கி சுடுவதற்கு வசதியாகப் புதர்களை வெட்டித் தயாரானார்கள். அவர்களுக்குக் கொடுக்கப்பட்டிருந்த உத்தரவு மிகச் சுருக்கமானது: கடைசி ஆள், கடைசித் தோட்டா வரை நிலையை விடக்கூடாது.

இந்த வரியைச் சினிமாவில் கேட்டால் நமக்குப் புல்லரிக்கும். எழுதிக் கொடுக்கும் அதிகாரிக்கும் அது எளிது. மேசையின் இந்தப் பக்கத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுவிடலாம். கேட்டுக்கொள்ளும் பக்கத்தில் இருப்பவர்கள்? தங்களைக் காப்பாற்ற யாரும் வரமாட்டார்கள் என்பதை அந்த ஒரு வரியிலிருந்தே புரிந்துகொள்ள வேண்டும்.

நாலைந்து நாட்கள்

மார்ச் 28ஆம் தேதி ஜெஸ்ஸாமி மீது தாக்குதல் தொடங்கியது. வந்தது ஜப்பானின் 138ஆவது ரெஜிமென்ட். பகலில் ஓரளவு அடங்கியிருப்பார்கள். இருட்டியதும் அலை அலையாக வருவார்கள். முள்வேலி வரை வந்து, அதைத் தாண்டி, பதுங்குகுழி வாசல் வரை வந்து கையெறி குண்டுகளை வீசினார்கள். உள்ளே விழுந்த குண்டுகளை வெடிப்பதற்கு முன் எடுத்துத் திருப்பி எறிந்தார்கள் அஸ்ஸாம் ரெஜிமென்ட் பையன்கள். பையன்கள் என்று சொல்வது தவறில்லை. பலருக்கு வயது இருபதைச் சுற்றித்தான். சில இடங்களில் கைகலப்பாகவும் சண்டை நடந்தது. முதல் சண்டையில் நிற்கும் அந்தப் படை ஓடவில்லை.

காரசோமிலும் இதே கதைதான். அங்கே ஆட்கள் இன்னும் குறைவு. எதிரே ஒரு பட்டாலியன். தண்ணீருக்குத் திண்டாட்டம். தொடர்ந்து தூக்கம் இல்லை.

இதற்கிடையில் கோஹிமாவில் இருந்த மேலதிகாரிகளுக்கு ஒரு விஷயம் உறைத்தது. இந்த இரண்டு நிலைகளும் செய்ய வேண்டிய வேலையைச் செய்துவிட்டன. இனி அங்கேயே மடிந்தால் யாருக்கும் லாபமில்லை. கோஹிமாவைக் காக்கவே ஆட்கள் போதாது. அவர்களைத் திரும்ப வரச் சொல்வதுதான் புத்திசாலித்தனம். பின்வாங்கச் சொல்லி உத்தரவு தயாரானது. அதை எப்படிக் கொண்டு சேர்ப்பது?

வயர்லெஸ் தொடர்பு போய்விட்டது. விமானத்திலிருந்து செய்தியைப் போட்டுப் பார்த்தார்கள். அது ஜப்பானியர் பக்கம் விழுந்தது. கடைசியில் லெப்டினன்ட் கார்லெட் என்ற இளம் அதிகாரி தானே போவதாக முன்வந்தார். ஜப்பானியர் சூழ்ந்திருக்கும் காட்டை ஊடுருவி, இருட்டில் ஜெஸ்ஸாமிக்குள் போக வேண்டும். எதிரியிடம் மாட்டினாலும் சாவு. தப்பி உள்ளே போகும்போது சொந்த ஆட்களே எதிரி என்று நினைத்துச் சுட்டாலும் சாவு. இரண்டிலும் தப்பி, உத்தரவைப் பிரவுனிடம் சேர்த்தார் கார்லெட்.

மார்ச் முடிந்து ஏப்ரல் பிறந்த வேளையில் பிரவுனின் ஆட்கள் ஜெஸ்ஸாமியை விட்டு வெளியேறினார்கள். கூட்டமாகப் போக வழியில்லை. சிறுசிறு குழுக்களாகப் பிரிந்து, காட்டு வழியே, பாதைகளைத் தவிர்த்து நடந்தார்கள். எல்லோரும் வந்து சேரவில்லை. சுமார் 260 பேர் பிரவுனோடு கோஹிமாவை அடைந்தார்கள்.

காரசோமில் கேப்டன் யங்

பின்வாங்கும் உத்தரவு காரசோமுக்குப் போய்ச் சேரவே இல்லை.

யங்கின் நிலைமையைச் சற்று யோசித்துப் பாருங்கள். அவர் கையில் இருப்பது பழைய உத்தரவு: கடைசி ஆள், கடைசித் தோட்டா. அதை மாற்றியாகிவிட்டது என்பது அவருக்குத் தெரியாது. சுற்றிலும் எதிரி. தன்னோடு இருக்கும் சிப்பாய்கள் களைத்துப் போயிருக்கிறார்கள். இன்னொரு பெரிய தாக்குதலைத் தாங்க முடியாது என்பது அவருக்குத் தெரிகிறது. அவர்கள் அங்கேயே இருந்தால் எல்லோரும் சாவார்கள். ஜப்பானியருக்கு அதிகபட்சம் இன்னும் சில மணி நேரம் தாமதமாகும்.

உத்தரவை அப்படியே நிறைவேற்றலாம். ராணுவச் சட்டப்படி அதில் யாரும் குறை சொல்ல முடியாது. அல்லது எல்லோரையும் அழைத்துக்கொண்டு கிளம்பிவிடலாம். பிற்பாடு விசாரணை வந்தால் பார்த்துக்கொள்ளலாம். யங் இந்த இரண்டையும் செய்யவில்லை. இருட்டில் தப்பிக் கோஹிமா பக்கம் போய்விடும்படி தன் ஆட்களுக்கு உத்தரவிட்டார். தான் மட்டும் தங்கிவிட்டார். கடைசி ஆள் வரை என்றுதானே உத்தரவு? அந்தக் கடைசி ஆளாகத் தானே இருந்துகொண்டார்.

கிளம்பிய சிப்பாய்கள் அவரைக் கடைசியாகப் பார்த்தபோது, பதுங்குகுழியில் கையெறி குண்டுகளையும் தோட்டாக்களையும் எட்டும் தூரத்தில் எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார். பொழுது விடிந்ததும் ஜப்பானியர் தாக்கினார்கள். யங் அங்கேயே மடிந்தார்.

அந்த உத்தரவின் பாரத்தைத் தனக்குக் கீழே இருந்தவர்கள் தலையில் இறக்காமல், தானே சுமந்துகொண்டார் அவர். பெரிய போர்களைப் பற்றிய புத்தகங்களில் இவருக்குக் கிடைப்பது சில பத்திகள். தப்பி நடந்த சிப்பாய்களின் குடும்பங்களுக்கு அந்தச் சில பத்திகளின் கனம் தெரிந்திருக்கும்.

அந்த நாட்கள் எதற்கு உதவின?

சாட்டோவின் படையைத் தாமதப்படுத்தியது இந்த இரண்டு நிலைகள் மட்டும் அல்ல. தெற்கே சாங்ஷாக் என்ற ஊரில் 50ஆவது இந்திய பாராசூட் பிரிகேடு அதே டிவிஷனின் இன்னொரு பகுதியை மார்ச் 26 வரை பிடித்து நிறுத்தியது. அவர்களுடைய இழப்பும் மிகப் பெரியது. எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

அந்த வாரத்தில் கோஹிமா எப்படி இருந்தது தெரியுமா? அங்கே வந்து சேர்ந்திருந்த 161ஆவது இந்திய பிரிகேடைத் திமாப்பூரைக் காப்பதற்காக மார்ச் 31ஆம் தேதி திருப்பி அழைத்துக்கொண்டுவிட்டார்கள். பிறகு தவறு புரிந்து, மீண்டும் போகச் சொன்னார்கள். ஏப்ரல் 5ஆம் தேதி அந்தப் பிரிகேடின் ராயல் வெஸ்ட் கென்ட் பட்டாலியன் உள்ளே நுழைந்ததும் பாதை மூடிக்கொண்டது. 500 பேர் கூட இல்லாத பட்டாலியன் அது. ஜெஸ்ஸாமியும் காரசோமும் முதல் நாளே விழுந்திருந்தால், கோஹிமாவில் காவலுக்கு யார் இருந்திருப்பார்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. மார்ச் 15இலிருந்து மூன்று வாரத்தை எண்ணிப் பாருங்கள். ஏப்ரல் 5 வருகிறது. முற்றுகை இறுகிய அதே நாள். அதாவது, கோஹிமாவைச் சுற்றி வளைத்தபோது ஜப்பானியச் சிப்பாய்களின் சோற்றுமூட்டை காலியாகும் நேரம். நாகா கிராமங்களிலிருந்தும் அங்கிருந்த கிடங்குகளிலிருந்தும் அவர்கள் அரிசி எடுத்துக்கொண்டார்கள். ஆனாலும் மாதக் கணக்கில் சண்டை போட அது போதவில்லை.

முற்றுகைக்குள் சுமார் 2,500 பேர் இருந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 1,000 பேர் சண்டையிடும் ஆட்களே அல்ல. எதிரே ஒரு டிவிஷன். ஜெஸ்ஸாமியிலிருந்து நடந்து வந்த அஸ்ஸாம் ரெஜிமென்ட்காரர்கள், காலில் கொப்புளம் ஆறுவதற்குள் மறுபடியும் பதுங்குகுழியில் இறங்கினார்கள். தண்ணீர் வரும் வழி ஜப்பானியர் கையில். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் கால் லிட்டரைச் சற்றுத் தாண்டிய அளவு தண்ணீர்தான். டேங்கர் லாரி ஒரு நாள் வரவில்லை என்றால் நம் வாட்ஸ்அப் குழு என்ன ஆகிறது என்பதை நினைத்துக்கொண்டு இந்த வரியை இன்னொரு முறை படியுங்கள். உணவையும் தோட்டாவையும் விமானங்கள் பாராசூட்டில் போட்டன. பல பொட்டலங்கள் எதிரி பக்கம் விழுந்தன. காயம்பட்டவர்கள் படுத்திருந்த குழிகளிலும் குண்டு விழுந்து, அவர்கள் மறுபடி காயப்பட்டார்கள்.

மாவட்ட துணை ஆணையர் சார்லஸ் பாசி என்பவரின் பங்களாவுக்குப் பின்னால் ஒரு டென்னிஸ் மைதானம். அதன் இந்தப் பக்கம் இவர்கள், அந்தப் பக்கம் அவர்கள். பந்து போன இடத்தில் குண்டு போயிற்று. பாசி நினைத்திருந்தால் முன்பே வெளியேறியிருக்கலாம். பல வருடம் தன்னை நம்பியிருந்த நாகா மக்களை விட்டுப் போக மனமில்லாமல் முற்றுகைக்குள்ளேயே இருந்தார். அந்த மக்களும் சும்மா இருக்கவில்லை. உளவு சொன்னார்கள், வழி காட்டினார்கள், காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு மலை இறங்கினார்கள். சண்டை அவர்கள் வீட்டு வாசலில்தான் நடந்தது. எரிந்தவையும் அவர்கள் வீடுகள்தான்.

ஏப்ரல் 18ஆம் தேதி வெளியிலிருந்து உதவிப்படை உள்ளே வந்தது. சண்டை அதோடு முடியவில்லை. மேடுகளை ஒவ்வொன்றாக மீட்க இன்னும் பல வாரம் ஆயிற்று. ஜூன் 22ஆம் தேதிதான் இம்பால் சாலை திறந்தது. கோஹிமாவில் பிரிட்டிஷ் இந்தியத் தரப்பில் இறந்தவர்கள், காயம்பட்டவர்கள், காணாமல் போனவர்கள் சேர்த்து 4,000க்கும் மேல். ஜப்பானியத் தரப்பில் சண்டையில் மட்டும் 5,700க்கும் மேல். பசியிலும் நோயிலும் பின்வாங்கும் வழியில் விழுந்தவர்கள் தனி.

எதிர்த்தரப்பிலும் ஓர் உத்தரவு

சாட்டோவின் கதையையும் சொல்லிவிட வேண்டும். மே மாதம் அவருடைய ஆட்கள் எலும்பும் தோலுமாக இருந்தார்கள். வருவதாகச் சொன்ன உணவும் தோட்டாவும் வரவில்லை. முத்தாகுச்சியோ நிலையை விடக்கூடாது என்றே சொல்லிக்கொண்டிருந்தார். மே கடைசியில் சாட்டோ மேலிட உத்தரவை மீறி, மிச்சமிருந்த ஆட்களோடு பின்வாங்கினார். ஜப்பானிய ராணுவத்தில் ஒரு டிவிஷன் தளபதி அப்படிச் செய்வது நினைத்துப் பார்க்க முடியாத காரியம். அவரைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். ராணுவ நீதிமன்றத்தில் தன் தரப்பைச் சொல்ல வேண்டும் என்றே அவர் விரும்பினார். விசாரணை நடந்தால் மேலதிகாரிகளின் குறைகள் வெளியே வரும். எனவே மனநிலை சரியில்லை என்று டாக்டர்கள் மூலம் சொல்ல வைத்து விஷயத்தை முடித்துவிட்டார்கள்.

யங் ஒரு கம்பெனிக்குத் தலைவர், சாட்டோ ஒரு டிவிஷனுக்குத் தளபதி. இருவரும் எதிர் எதிர் அணி. இருவருக்கும் முன்னால் வந்து நின்றது ஒரே கேள்வி: தூரத்தில் இருக்கும் ஒருவரின் உத்தரவுக்காக என் ஆட்கள் எத்தனை பேர் சாகலாம்? ஒருவர் தன் உயிரைக் கொடுத்துப் பதில் சொன்னார். இன்னொருவர் தன் பெயரைக் கொடுத்தார்.

நமக்கும் இதற்கும்

நம் மக்கள் இந்தப் போரின் இரண்டு பக்கமும் இருந்தார்கள். பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் லட்சக்கணக்கான இந்தியர்கள். எதிரே ஜப்பானியரோடு வந்த இந்திய தேசிய ராணுவத்திலும் இந்தியர்கள். அதில் மலேயாவில் தோட்ட வேலை பார்த்த தமிழர்கள் பெரும் எண்ணிக்கையில் சேர்ந்திருந்தார்கள். அவர்கள் நேதாஜியை நம்பி, தேச விடுதலைக்காக வந்தவர்கள். அந்த நேரத்தில் இங்கே காங்கிரஸ் தலைவர்கள் சிறையில். வங்காளத்தில் முந்தைய ஆண்டுதான் கொடும் பஞ்சம். யார் சரி, யார் தவறு என்று இன்று சோபாவில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வது சுலபம். ஜெஸ்ஸாமியில் நின்ற நாகா, மிசோ, காசி இளைஞர்களுக்குப் பேரரசைப் பற்றி என்ன எண்ணம் இருந்ததோ, அது வேறு விஷயம். அவர்கள் காத்தது சொந்த மலைகளை.

அஸ்ஸாம் ரெஜிமென்டை நீங்கள் ஒருவேளை வேறு விதத்தில் பார்த்திருக்கலாம். பயிற்சி முடித்த வீரர்கள் கைதட்டி, தரையை உதைத்து, ‘பத்லூராம்’ என்று உற்சாகமாகப் பாடும் வீடியோ அடிக்கடி நம் போன்களுக்கு வருகிறது. ரெஜிமென்டில் சொல்லப்படும் கதை இது: பத்லூராம் என்ற சிப்பாய் சண்டையில் இறந்துவிட்டார். ரேஷன் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுக்க மறந்துவிட்டார்கள். அவர் பங்கு மாதாமாதம் வந்து சேர்ந்துகொண்டே இருந்தது. பிறகு முற்றுகையில் சாமான் வருவது நின்றபோது, அந்தச் சேமிப்புதான் மற்றவர்களுக்குச் சோறு போட்டது. வீட்டைக் காலி செய்து போனவர் பெயர் நம் சங்கப் பட்டியலில் இருந்தால் கணக்குப் பார்ப்பவருக்குத் தலைவலி. அங்கே அதே மறதி உயிர் காத்தது என்று சிரித்துக்கொண்டே பாடுகிறார்கள். ‘ஜெஸ்ஸாமி’ இன்றும் அந்த ரெஜிமென்டின் போர்ச் சிறப்புகளில் ஒன்று.

நம் போன்ற குடியிருப்புகளின் வாயிலில் இரவுக் காவலுக்கு நிற்பவர்களில் பலர் அஸ்ஸாமிலிருந்தும் அதை ஒட்டிய மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள். நாம் அவர்களை ‘பையா’ என்று கூப்பிடுவதோடு சரி. சொந்த ஊர் எது என்று ஒரு நாள் கேட்டுப் பாருங்கள்.

வடகிழக்குச் சுற்றுலா போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. கன்னியாகுமரியிலிருந்து திப்ருகர் போகும் விவேக் எக்ஸ்பிரஸ் திமாப்பூர் வழியாகத்தான் போகிறது. அங்கிருந்து கோஹிமாவுக்குச் சாலை வழி. நாகாலாந்துக்குள் நுழைய முன் அனுமதிச் சீட்டு வேண்டும். கிளம்பும் முன்பே எடுத்துக்கொள்ளுங்கள். கோஹிமா போர்க் கல்லறைத் தோட்டத்தில் 1,420 கல்லறைகள் படிப்படியாக மலைச்சரிவில் இருக்கின்றன. தகனம் செய்யப்பட்ட 917 இந்து, சீக்கிய வீரர்களின் பெயர்கள் தனி நினைவுச் சின்னத்தில் உள்ளன. டென்னிஸ் மைதானத்தின் எல்லைக் கோடுகளைச் சிமென்டில் பதித்து இன்றும் வைத்திருக்கிறார்கள். கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டு பெயர்களைப் படித்து வாருங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 1942இல் பர்மாவிலிருந்து இந்த மலைகள் வழியே நடந்து வந்தவர்களின் பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் நம் குடியிருப்பிலும் இருக்கக்கூடும். தாத்தாவோ பாட்டியோ சொன்ன ஒரு துண்டுச் செய்தியாக இருந்தாலும் பரவாயில்லை: எந்த ஊரில் தங்கினார்கள், யார் சோறு கொடுத்தார்கள், யாரை வழியில் விட்டு வந்தார்கள் என்று நினைவிருப்பதை அடுத்த இதழுக்கு எழுதிக் கொடுங்கள். எழுதச் சிரமமாக இருந்தால் சொல்லுங்கள். செய்திமடல் குழுவிலிருந்து ஒருவர் வந்து உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்வார்.